அஷ்டமியில் திறந்த பெட்டி

நிற்காது, இந்தத் தடவை நிற்காது என்று சென்னியப்பன் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். நின்றால்தான் என்ன என்று அதே மனசின் இன்னொரு மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அடக்கப் பார்த்தார். அது அடங்குகிற குரலாக இல்லை. மேசைக்கு அடியில் மகள் கோகிலவாணி சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பெட்டியோடு கன்னத்தை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு பொருளோடு பொறுமையாக உட்கார இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை, இவள் அம்மா ருக்மணியும் இல்லை. ருக்மணிக்கு மிக்சி சத்தம் போட்டாலே தலையில் தட்டத்தான் தெரியும், பாவம், அவள் போய்ச் சேர்ந்து மிக்சியும் இப்போது மூலையில் கிடக்கிறது. பெட்டி உர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தாராபுரத்து வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. இன்று அஷ்டமி, பொருத்தம் பார்க்க ஈ காக்கை வராது, ஜோதிட நிலையத்தின் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அஷ்டமியில் எதையும் தொடங்கக் கூடாது என்று காலையில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். நான் எதையும் தொடங்கலீங்கப்பா, நின்னதைத்தான பாக்கறேன் என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.  நின்றதைப் பார்ப்பதற்கு சாஸ்திரம் தடை எதுவும் எழுதி வைக்கவில்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி, காங்கேயத்து இடம் வேண்டாம் சாமி, பெட்டியே ஒத்துக்க மாட்டேங்குது என்று அவர்தான் மகளிடம் சொன்னார். ஊரில் எத்தனையோ பேருக்குக் கல்யாணம் கூட்டி வைத்தவர், தன் வீட்டு ஜாதகத்தைத் தன் கையால் கணிக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். பெற்றவன் கை ஆசைப்பட்ட பக்கம் சாய்ந்துவிடும். பெட்டிக்கு ஆசை கிடையாது. அதனால் மகள் ஜாதகத்தைப் பெட்டியிடம் விட்டார். காங்கேயத்துப் பையன் ஈஸ்வரமூர்த்தியின் ஜாதகத்தை அவள் ஜாதகத்தோடு சேர்த்துப் போட்ட ஒவ்வொரு முறையும், பொருத்தக் கட்டம் திரையில் விழப்போகிற நேரத்தில், டொப். எல்லாம் இருட்டு. விளக்கு அணைந்தால் சகுனம் பார்க்கிறோம், தும்மினால் பார்க்கிறோம், இதைப் பார்க்க மாட்டோமா? அவர் சொன்னதைக் கேட்டு வாணி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் பெட்டிய எங்கிட்ட உடுங்க, நிக்கறதுக்குக் காரணம் கிடைக்கலீன்னா வேண்டாம்னு நானே சொல்லீர்றேன் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், பெண் பார்க்க வந்துவிட்டுக் காங்கேயத்துக்காரர்கள் கிளம்பிய அன்று சாயங்காலம், எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா என்று. அதற்கு முன்னால் வந்தவர்களைப் பற்றி அவள் வாயைத் திறந்ததே இல்லை, உங்க இஷ்டமுங்க என்பாள், அவ்வளவுதான். இந்தப் பையன் என்ன செய்துவிட்டான்? பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், பெரிய அழகனும் இல்லை. இந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து எப்படி அடிக்கிறீர்கள் என்று கேட்டான், இவள் காட்டினாள், அவன் ஒற்றை விரலால் தன் பேரை அடித்து, அது வேறு என்னவோவாக வர, தன்னைப் பார்த்துத் தானே சிரித்தான். அவன் சிரித்ததும் இவளும் சிரித்தாள். அப்போது சென்னியப்பன் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனாலும் பார்த்துவிட்டார். இப்போது வாணி எழுந்து சுவரோரம் போனாள். முதலில் பிளக்கை மாற்றினாள். பெட்டியை ஓடவிட்டாள். பிறகு யு.பி.எஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்டில் சொருகினாள். ஓடவிட்டாள். பிறகு பிரிண்டரின் வயரைப் பிடுங்கி இதற்கு மாட்டினாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் சீக்கிரம் முடியாதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை, கேட்டும் விட்டார். ரெண்டை ஒண்ணா மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாதுங்கப்பா என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அந்த வார்த்தை அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. திருநள்ளாறு போ, நெய் விளக்குப் போடு, காக்கைக்குச் சோறு வை, கல்லையும் மாற்று என்று ஒரே மூச்சில் நாலையும் சொல்லி அனுப்புகிறவர் அவர். சரியாகிவிட்டால் எதனால் ஆயிற்று? யாருக்குத் தெரியும். சரியானவர்கள் வாழைத்தாரோடு வந்தார்கள், ஆகாதவர்கள் வரவில்லை, வராதவர்களைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அடேயப்பா, என்ன மூளை இவளுக்கு. முப்பதைத் தாண்டிவிட்டாள். இந்த மூளையை இத்தனை வருஷமாக மற்றவர்கள் பிறந்த நேரத்தை டைப் அடிக்கவைத்துக்கொண்டிருக்கிறேன். பிறந்த நேரம். இவள் பிறந்த நேரம் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன நேரம்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாளோ, குத்துமதிப்பாகச் சொன்னாளோ. அவர் அங்கே இல்லை. ஜாதகத்தோடு வந்த யாரோ ஒருவருக்குப் பலன் சொல்லிக்கொண்டிருந்தார், வந்தவரைப் பாதியில் எழுப்பி அனுப்ப முடியுமா? முடித்துவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனபோது பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏனுங்கப்பா, அந்த ரப்பரைக் கொஞ்சம் எடுங்க என்றாள். பென்சில் அழிக்கிற ரப்பர். கொடுத்தார். பெட்டியை அணைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்ன நீளப் பட்டையை இரண்டு கட்டைவிரலாலும் விடுவித்து எடுத்து, அதன் ஓரத்தில் வரிசையாக இருந்த மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்தாள். ஒருபக்கம் தேய்த்து ஊதினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மறுபக்கம் தேய்த்தாள். சென்னியப்பன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ருக்மணியின் விரல்கள், நுனி கொஞ்சம் சப்பையாக. ஆனால் இந்த நிதானம் யாருடையது? இவளுடையதேதான், கொடுத்தவர் யாரும் இல்லை. பட்டையைத் திரும்ப மாட்டினாள், க்ளிக் என்றது, பெட்டி உயிர் பெற்றது. இந்த முறை வாணி வேறொன்று செய்தாள். தன் ஜாதகத்தைத் தொடவே இல்லை. மூலனூர் ராசப்ப கவுண்டர் பேரனுடைய ஜாதகத்தை எடுத்து, கணி என்றாள், முடிந்ததும் மறுபடி கணி என்றாள், அதே குழந்தையின் தலையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பெட்டியை விட்டுப் படிக்கவைத்தாள். எதற்கு சாமி இது, பச்சைப் பிள்ளை என்று அவர் பதறினார். அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க என்றாள். கட்டங்கள் விழுந்தன, மறைந்தன, விழுந்தன. அவருக்குக் கண்ணைக் கட்டியது. இவள் போய்விட்டால் இந்தக் கட்டங்களை யார் விழவைப்பது? அதுவா விஷயம், இல்லை, டைப் அடிக்க ஆள் கிடைக்கும். காலையில் மாத்திரை போட்டீங்களா என்று யார் கேட்பார்கள்? கேட்க ஆளில்லாத வீட்டில் மாத்திரை போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன. முதல் தடவை பெட்டி நின்றபோது, அந்த இருட்டுத் திரையில் தன் முகம் தெரிந்தபோது, அவருக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் ஓடியது. ஓடியது, பொய் சொல்லக் கூடாது. அப்பாடா, போகமாட்டாள் என்றிருந்தது. அதை சகுனம் என்று பேர் வைத்து மூடி வைத்துக்கொண்டார். கை சாய்ந்துவிடும் என்றுதானே பெட்டியிடம் விட்டாய், மனசு சாய்ந்ததற்கு யாரிடம் விடுவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, டொப். திரை இருண்டது. காற்றாடிச் சத்தம் இறங்கி இறங்கி ஓய்ந்தது. சென்னியப்பன் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். வாணி எழவில்லை. மாதக்கணக்காகத் தேடிய பொருள் கிடைத்தவள் மாதிரி அவள் முகம் மலர்ந்திருந்தது.

"இப்ப நின்னது என்னுதில்லீங்கப்பா" என்றாள். "மூலனூர்க்காரர் பேரனுது."

அவர் உட்கார்ந்தார். அந்தக் குழந்தைக்கு என்ன தடை இருக்க முடியும், குரு உச்சத்தில் இருக்கிற ஜாதகம். அப்படியானால். அப்படியானால் என்பதற்கு மேல் மனசு ஓடமாட்டேன் என்றது, வண்டிச் சக்கரம் சேற்றில் சுற்றுகிற மாதிரி அதே இடத்தில் சுற்றியது. போன மாசம் ஒருநாள் மூலனூர்க்காரர் உட்கார்ந்திருக்கும்போதும் நின்றதே, ஞாபகம் இல்லையா என்று வாணி கேட்டாள். இருந்தது. அன்றைக்கு அவர் அதைக் கரண்டுக் கோளாறு என்றார், டீ வாங்கிவரச் சொன்னார், டீ குடித்து முடித்துப் பட்டனை அமுக்கியதும் பெட்டி ஓடியது. வந்தவருக்கு நின்றால் கரண்டு, வீட்டுக்கு நின்றால் சகுனம். இதை அவள் சொல்லவில்லை. அவரேதான் சொல்லிக்கொண்டார், சொல்லிக்கொண்டபோது சிரிப்பும் வந்தது, சிரிப்பு பாதியில் நின்றுபோனது. வாணி கையை உள்ளே விட்டு, காற்றாடிக்கு அடியில் இருந்த தகட்டு அடுக்கை ஒரு விரலால் தொட்டுவிட்டுச் சட்டென்று விரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பாத்து சாமி என்றார். கொதிக்குதுங்க என்றாள், அதையும் சந்தோஷமாகவே சொன்னாள். கொஞ்ச நேரம் ஆறவிட்டாள். ஆறுகிறவரைக்கும் வேறு எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்த உட்காருதலை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு இப்படி உட்காரத் தெரியும்? கண்டுபிடித்துவிட்டோம் என்ற ஆட்டத்தில் கொதிக்கிறதைப் பிடுங்கி எடுக்கத்தானே கை பரபரக்கும். பிறகு காற்றாடியைக் கழற்றினாள், தகட்டு அடுக்கைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுவந்து அவருக்குக் காட்டினாள். தகடுகளுக்கு நடுவே காற்றுப் போக இருக்க வேண்டிய சந்துகள் இல்லை. பழுப்பும் கறுப்புமாக ஏதோ கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது, ஆனால் கம்பளி போல உதிரவில்லை, பிசுபிசுவென்று ஒட்டியது. வெறும் தூசி இப்பிடி ஒட்டாதே என்று நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். அவள் கண் விரிந்தது. விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெள்ளிக்கிழமை வாசனை. வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்து வாசனை, செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில். சாம்பிராணி.

ஐயோ என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. சாமி படத்துக்குக் காட்டி, ருக்மணி படத்துக்குக் காட்டி, கடைசியில் மேசைக்கு அடியில் குனிந்து தூபக்காலைப் பெட்டியின் வாய்க்கு நேரே பிடிப்பார். புகை வேறெங்கும் போகாமல் நேராகப் பெட்டிக்குள் இழுபட்டுப் போகும். அதைப் பார்த்து முதல் நாள் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்டி சாம்பிராணியை ஏத்துக்குது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார், சிலர் குனிந்து கும்பிட்டும் போனார்கள். ஏற்றுக்கொண்டதெல்லாம் உள்ளே இப்படி உறைந்து கிடக்கிறது. மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். வாணி சிரித்தாள், முதலில் மெதுவாக, பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. அவரும் சிரித்தார், வெகுநாளைக்குப் பிறகு இந்த அறையில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து, பெயின்ட் அடிக்கிற பழைய பிரஷ்ஷால் சந்து சந்தாகத் துடைக்கத் தொடங்கியபோது, வேலையில் கண் வைத்தபடி, குறை சொல்கிற குரலே இல்லாமல், நாளைக்குக் கடைக்கு என்ன வாங்கணும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"காலைல இருந்து ஓடி ஓடி சூடேறியிருக்குமுங்க. நம்மளத எப்பவும் கடைசியாத்தான எடுக்கறோம். அதான் நம்மளதுக்குத் தவறாம நிக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். பிரஷ் தகட்டில் சர்க் சர்க்கென்று போய்க்கொண்டிருந்தது.  நம்மளது என்றாள், என்னுது என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கடைசியாகத்தான் எடுத்தார், ஆமாம், ஒவ்வொரு முறையும், ஜாதகம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பெஞ்சு காலியான பிறகு, நம்ம வீட்டு வேலைதானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று. வீட்டு வேலை ஓடாது. வீட்டில் இருக்கிறவர்களும் ஓடமாட்டார்கள், காத்துக்கொண்டிருப்பார்கள். துணியில் சுற்றிவைத்த பிள்ளை கூட அன்று கண்ணை மூடிக் காத்துக்கொண்டுதான் கிடந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இவள் பேச்சுப்போட்டிக் கோப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள், அவர் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், பரவாயில்லீங்கப்பா என்றாள். ருக்மணிக்கு நெஞ்சு வலி என்று ஆள் வந்து சொன்னபோது, இதோ, இந்த ஒரு ஜாதகம் முடிச்சர்றேன் என்று. வேண்டாம். அந்தப் பக்கம் போக வேண்டாம். மனசு அந்தப் பக்கமே போனது, தொட்டுவிட்டு, சுட்டுவிட்டு, விரலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. பெட்டி சூடேறி நின்றதைத் தெய்வத்தின் கோபம் என்று நினைத்தேனே. அது வெறும் வரிசைக் கோளாறு. வரிசையில் இவளை எங்கே நிறுத்தினேனோ அங்கேதான் அது நின்றது. இவளுக்கு இது இன்றைக்குத்தான் தெரிந்ததா, எப்போதும் தெரியுமா? முகத்தைப் பார்த்தார். பிரஷ்ஷை உதறிக்கொண்டிருந்தாள், மூக்கு நுனியில் கறுப்பாக ஒரு தீற்றல். ஆத்திரம் என்று ஒன்றைத் தேடினார், இல்லை. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தவளின் நிறைவு மட்டும்தான் இருந்தது. இவள் பெரிய மனுஷி என்று நினைத்தார், என்னை விடப் பெரிய மனுஷி, இவளைப் பெற்றதில் எனக்கு என்ன பங்கு இருக்க முடியும், நான்தான் அந்த நேரத்தில் அங்கே இல்லையே. இப்படி ஒரு பெண் போகிற வீட்டுக்கு எத்தனை கொடுப்பினை இருக்க வேண்டும்; அந்தப் பையன், தன் பேரைத் தப்பாக அடித்துவிட்டுச் சிரிக்கத் தெரிந்த அந்தப் பையனுக்கு, அது புரியும். பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துதான் இருக்க வேண்டும். அந்த இன்னொரு குரல், நின்றால்தான் என்ன என்ற குரல், எங்கே என்று தேடினார். மூலையில்தான் இருந்தது. இருக்கட்டும், அது பெற்றவன் குரல், அதற்கும் ஒரு இடம் வேண்டும்தான், ஆனால் வரிசையில் கடைசியில்.

எதற்கும் இருக்கட்டும் என்று செல்போன் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த, சூட்டை இழுக்கிற வெள்ளைப் பசையைத் துளி எடுத்து, நடுவே இருந்த சதுரத்தில் மெல்லிசாகத் தடவி, தகட்டு அடுக்கை அதன்மேல் உட்காரவைத்து, நாலு மூலையையும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் திருகினாள். காற்றாடியை மாட்டினாள். பட்டனை அமுக்கினாள். உர்ர்ர் இல்லை இப்போது, ஒரு மெல்லிய இரைச்சல்தான், காது கொடுத்தால்தான் கேட்டது. மறுபடியும் மூலனூர்க் குழந்தையின் கட்டங்கள் விழுந்து மறைந்தன, விழுந்து மறைந்தன, முன்பு நின்ற இடத்தைத் தாண்டின, தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. வாணி விரலை நீட்டித் தகட்டைத் தொட்டாள், எடுக்கவில்லை, அப்படியே வைத்திருந்தாள். அப்போது வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். மூலனூர் ராசப்ப கவுண்டரேதான், வேர்த்து விறுவிறுத்து. பொருத்தம் பார்க்கவெல்லாம் இல்லை, அஷ்டமி என்று தெரியும், பேரன் ஜாதகத்துக்கு இன்னொரு நகல் மட்டும் வேண்டும், ரெண்டு நிமிஷ வேலைதானே, பஸ் நிற்கிறது என்றார். சென்னியப்பனின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. வாங்க வாங்க, அதுக்கென்ன என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. வாணியின் கையும் பழக்கத்தில் அந்த நகலை எடுக்கப் போனது, அந்தக் கையைப் பார்த்தார், யாரும் சொல்லாமலே தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் போகிற கை. சித்தெ உக்காருங்க கவுண்டரே, அடுத்த பஸ்ஸுக்குப் போலாம், எங்க பாப்பாளோடது ஒண்ணு இருக்குது, அது முதல்ல என்றார். கவுண்டர் விழித்தார், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். வாணி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். உன்ர ஜாதகத்தை எடு சாமி என்றார். அவள் எடுத்தாள். ஈஸ்வரமூர்த்தியினுடையதையும் எடுத்துச் சேர்த்தாள். கணி என்று அமுக்கிவிட்டு அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காங்கேயத்து நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் எழுத்து மங்கலாகத் தெரிந்தது, இருந்தாலும் பேர் தெரிந்தது.

"இன்னும் பொருத்தம் வரலீங்களேப்பா" என்றாள் வாணி. திரையை விட்டுவிட்டு அவர் கையிலிருந்த போனையே பார்த்தாள். "இன்னைக்கு அஷ்டமி வேற."

"தெரியும். அவங்களுக்கும் தெரியும்" என்றார். "ஒரு ஜோசியகாரன் அஷ்டமியில கூப்படறான்னா, எம்புள்ளைய அவங்களுக்குக் குடுக்க எனக்கு எத்தனை ஆசைன்னு அவங்க தெரிஞ்சுக்கட்டும்."

நம்பரை அமுக்கினார், மணி அடிக்கத் தொடங்கியது. மேசைக்கு அடியில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. எதிர்முனையில் யாரோ எடுத்து, வணக்கமுங்க என்றார்கள். வாணி மூக்கு நுனிக் கறுப்பைப் புறங்கையால் துடைக்கப்போய் கன்னமெல்லாம் ஆக்கிக்கொண்டாள். வணக்கமுங்க, தாராபுரத்திலிருந்து வாணியோட அப்பன் பேசறேனுங்க என்றார் சென்னியப்பன்.